பெரியவங்க இருக்கும்போதே ஒருநாள் கூடுவோம்



நம்ம சொந்தக்காரர் எல்லாரும் எப்போது ஒன்றாகக் கூடுகிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாவுக்குக் கூடுகிறோம். கல்யாணத்துக்குக் கூடுகிறோம். மாரியம்மன் திருவிழாவுக்கு வந்து போகிறோம். சாவு வீட்டில் ஆறுதல் சொல்லத்தான் நேரம் இருக்கும். கல்யாண வீட்டில் ஆளுக்கு ஒரு வேலை. திருவிழாவில் தப்புச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதும் கேட்காது. அப்படியானால் பாட்டன் பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஆற அமர உட்கார்ந்து, "நீ யார் மகன், நான் உனக்கு என்ன முறை" என்று பேசிக்கொள்வது எந்த நாளில்?

அப்படி ஒரு நாளை நாமே வைக்க வேண்டும். அதைத்தான் குடும்ப ஒன்றுகூடல் என்கிறோம். இது வசதியான ஆட்களின் வேலை என்று நினைக்காதீர்கள். நம்மைப் போன்ற தோட்டத்துச் சனத்துக்குத்தான் இது கூடுதலாகத் தேவை. ஏன் என்பதை என் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் குடும்பம் தலவாக்கலைப் பக்கம். என் அப்பாயிக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. "என் புள்ளைங்க, பேரப்புள்ளைங்க எல்லாரையும் ஒரே பந்தியில உக்கார வைச்சு ஒரு நாள் சோறு போடணும்" என்று அடிக்கடி சொல்வாங்க. நாங்களும் சரி சரி என்போம். ஒரு வருஷம் தம்பிக்குப் பரீட்சை என்று தள்ளினோம். அடுத்த வருஷம் சம்பளப் பிரச்சினையில் வேலை நிறுத்தம், கையில் காசு இல்லை. அதற்கடுத்த வருஷம் தீபாவளிக்குப் பார்ப்போம் என்றோம். 2012ல் அப்பாயி காலமானாங்க.

சாவுக்கு எல்லாரும் வந்தார்கள். கொழும்பில் கடையில் நிற்கிறவன், வவுனியாவில் குடியேறினவர்கள், பண்டாரவளைப் பக்கத்து ஆட்கள், எல்லாரும். கட்டிப் பிடித்து அழுத இரண்டு பொம்பளைப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் கழித்து ஒருவரை ஒருவர், "நீங்க யாரு வீட்டு ஆளு?" என்று கேட்டார்கள். பார்த்தால் அண்ணன் மகள் ஒருத்தி, தம்பி மகள் ஒருத்தி. கூடப் பிறக்காத அக்கா தங்கச்சி. அதைக் கேட்டு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதோடு முடியவில்லை. அப்பாயியின் மூத்த மகள், என் பெரிய அத்தை, 2011ல் அறுபது வயதில் வேலையை விட்டவர். ஊழியர் சேமலாப நிதி எடுக்கப் போனால் அடையாள அட்டையில் ஒரு பேர், செக்ரோலில் வீட்டில் கூப்பிடும் பேர். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கொண்டு வாருங்கள் என்றார்கள். நுவரெலியா மாவட்டப் பதிவில் தேடக் கொடுத்தோம். அப்படி ஒரு பதிவு இல்லை என்று வந்தது. முன்னே பின்னே வருஷங்களிலும் தேடினோம். இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த காசு அப்படியே கிடந்தது.

2017 ஆகஸ்ட் தவணை விடுமுறையில் ஒருவழியாக நாங்கள் கூடினோம். அப்பாயியின் தங்கச்சி, எங்களுக்குச் சின்ன அப்பாயி, எண்பது வயதைத் தாண்டியவங்க, மகன் வீட்டிலிருந்து வந்திருந்தாங்க. சாப்பிட்டு முடிந்து பேசிக்கொண்டிருக்கும்போது யாரோ பெரிய அத்தையின் காசு விஷயத்தை எடுத்தார்கள். சின்ன அப்பாயி சிரித்துவிட்டு, "அவ இங்க பொறக்கலடா. தலைப்பிரசவத்துக்கு எங்கக்கா அம்மா வீட்டுக்கு வந்துச்சு. பசறையில எங்க லயத்துலதான் பொறந்தா. எனக்கு அப்ப பதினைஞ்சு வயசு. தண்ணி சுட வைச்சது நான்தான்" என்றாங்க.

பசறை இருப்பது பதுளை மாவட்டத்தில். நாங்கள் அத்தனை நாளும் நுவரெலியாவில் தேடியிருக்கிறோம்! பதுளையில் தேடக் கொடுத்தோம். 1951ஆம் வருஷப் பதிவில், தாய் தகப்பன் பேரோடு, இருந்தது. அதை வைத்துச் சத்தியக் கடதாசி முடித்து, கிராம உத்தியோகத்தரின் கடிதமும் எடுத்துக் கொடுத்தோம். 2018ல் அத்தைக்குக் காசு கிடைத்தது.

அப்பாயி இருந்திருந்தால் இதை ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பாங்க. நாங்கள் கேட்கவில்லை. சின்ன அப்பாயி 2019ல் போய்ச் சேர்ந்தாங்க. இன்னும் இரண்டு வருஷம் தள்ளிப் போட்டிருந்தால் அந்தப் பதிவு பதுளையில் இருக்கும், அது அங்கே இருப்பது தெரிந்த ஆள்தான் இருந்திருக்காது.

நம்ம குடும்பங்கள் ஏன் இப்படிச் சிதறின?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. ஒவ்வொரு லயத்திலும் இப்படி ஒன்று இருக்கும். அதற்குக் காரணம் நம்ம சரித்திரம்.

நம்ம முன்னோர் 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், 1867க்குப் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். வந்தபின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மிகப் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9 லட்சத்து 75 ஆயிரம் பேரின் தலைவிதியை அது கூறு போட்டது. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று எழுதினார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரை 1974ல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தான், தம்பி இங்கே எழுதிக் கொடுத்தான். தாய் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிட்டு அழுத அழுகையை நம்ம பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை.

போனவர்களில் பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் மறுபடி தேயிலைத் தோட்டத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். இங்கே இருந்தவர்களிலும் 1973, 74 பஞ்ச காலத்திலும், 1977, 1983 கலவரங்களிலும் எத்தனையோ குடும்பம் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டது. பிறகு பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போனார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு குடியுரிமைப் பிரச்சினை ஒரு முடிவுக்கு வந்தது. ஆனால் பிரிந்த குடும்பத்தைச் சேர்த்து வைக்க எந்தச் சட்டமும் வரவில்லை. அது நாமே செய்ய வேண்டிய வேலை.

இன்னொன்றும் உண்டு. நிலம் வைத்திருந்தவன் வீட்டில் உறுதி இருக்கும், பழைய பத்திரம் இருக்கும். அதைப் பார்த்துப் பரம்பரையைச் சொல்லலாம். நம்மிடம் உறுதி இல்லை. லயத்துக் காம்பிராவும் தோட்டத்துக்குச் சொந்தம். நம்ம பரம்பரைக்குப் பத்திரம், வயதானவர்களின் ஞாபகம் ஒன்றுதான்.

கூடுவதால் என்ன பலன்?

1. முறை தெரியும். யார் அண்ணன் தங்கை முறை, யார் மாமன் மச்சான் முறை என்று இளசுகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் தெரியாமல் பழகிப் பிறகு மனம் உடைந்து போவதை நான் கண்டிருக்கிறேன்.

2. பத்திரங்கள் சரியாகும். யார் எங்கே பிறந்தார், எந்தப் பேரில் பதிந்தார்கள் என்பது தெரியவரும். முக்கியமாகத் தலைப்பிள்ளைகளின் பதிவு தாய்வீட்டு மாவட்டத்தில் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

3. குடும்பத்தில் ஓடும் வருத்தம் தெரியும். பாட்டனுக்குச் சீனி வருத்தம், அவர் தம்பிக்கும் சீனி, மகளுக்கும் சீனி என்றால் பேரப்பிள்ளைகள் நேரத்தோடு இரத்தம் பரிசோதிக்கலாம். பிரஷரும் அப்படித்தான்.

4. பெரியவர்களின் மனம் நிறையும். காம்பிராவில் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும் கிழவி, அன்றைக்கு ஐம்பது பேருக்கு மூத்தவளாக நடுவில் உட்காருவாள். அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும்.

5. ஆபத்துக்கு ஆள் இருக்கும். மண்சரிவு, ஆஸ்பத்திரி, மேல்படிப்பு என்று வரும்போது யாரிடம் போன் எடுத்துக் கேட்கலாம் என்பது தெரிந்திருக்கும்.

எப்படி ஒழுங்கு செய்வது?

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஒரே ஆள் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டால் சண்டையில்தான் முடியும். நான்கு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள்.

நான்கு மாதம் முன்பு: குடும்பத்தில் மூத்தவரிடம் போய் வெற்றிலை வைத்து உத்தரவு கேளுங்கள். அவர் பேரைச் சொல்லி அழைத்தால் மறுக்கிறவர் குறைவு. பிறகு ஒவ்வொரு கிளைக்கும், அதாவது ஒவ்வொரு அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி வீட்டுக்கும், ஒரு பொறுப்பாளர் வையுங்கள். அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். சொந்தங்களின் விபரம் நம்ம பெண்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மூன்று மாதம் முன்பு: ஒரு சி.ஆர். கொப்பியில் பேர்ப்பட்டியல் எழுதுங்கள். குடும்பத் தலைவர் பேரை மட்டும் எழுதிவிட்டு "குடும்பத்தார்" என்று போடக் கூடாது. பெண்கள், குழந்தைகள், மருமக்கள் எல்லார் பேரும், போன் இலக்கமும் வேண்டும். கல்யாணம் முடித்துக் கொடுத்த பெண்பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். அவர்களும் இந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

திகதி: பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்லது போயா தினம் நல்லது. கொழுந்து அதிகம் விழும் மாதத்திலும், பெரிய மழைக் காலத்திலும் வைக்காதீர்கள். தூரத்து ஆட்கள் லீவு கேட்பதற்கு ஒரு மாதமாவது அவகாசம் வேண்டும்.

இடம்: வயதானவர்கள் ஏறி இறங்க முடியாத மேட்டு லயத்தில் வைக்காமல், ரோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். தோட்டத்து மண்டபம், கோவில் மடம், பிள்ளை மடுவம் போன்ற இடங்களைத் துரையிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ எழுத்தில் கேட்டு வாங்கலாம். மலசலகூடம், தண்ணீர், மழைக்கு ஒதுங்க இடம் இந்த மூன்றும் முதலில் பாருங்கள்.

காசு: இதற்காகக் கடன் வாங்காதீர்கள், தோட்டை அடகு வைக்காதீர்கள். நான்கு மாதமும் சம்பளத்தன்று வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்தால் பாரம் தெரியாது. முடியாத வீட்டார் விறகு, மரக்கறி கொண்டு வரலாம், சமையலுக்குக் கை கொடுக்கலாம். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதைச் சபையில் வாசிக்க வேண்டாம். இது மொய் வீடு அல்ல. ஆனால் வரவு செலவுக் கணக்கைக் கொப்பியில் எழுதி, முடிந்ததும் எல்லாருக்கும் காட்டுங்கள்.

சாப்பாடு: எங்கள் வீட்டில் 60 பேருக்கு 8 கிலோ அரிசி, 2 கிலோ பருப்பு, 5 கிலோ உருளைக்கிழங்கு, 4 கிலோ மரக்கறி, 8 கிலோ கோழி, 8 தேங்காய் போட்டோம். மிச்சமும் இல்லை, பற்றாமலும் இல்லை. இரண்டு வேளைத் தேத்தண்ணிக்கு 2 கிலோ சீனி. மச்சம் சாப்பிடாதவர்களுக்குத் தனிச் சட்டி வைக்க மறக்காதீர்கள்.

அன்றைய நாள்

காலை 9 மணிக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி, ரொட்டி, சம்பல். 10 மணிக்கு விளக்கேற்றி, இறந்துபோன பெரியவர்களை நினைத்து ஒரு நிமிடம் நிற்கலாம். கிறிஸ்தவக் குடும்பமானால் செபத்தோடு தொடங்கலாம். இரண்டும் கலந்த குடும்பமானால் இரண்டும் செய்யுங்கள்.

அடுத்தது அறிமுகம். சுவரில் பிரிஸ்டல் போர்ட் ஒட்டி, மேலே பாட்டன் பாட்டி பேர், கீழே பிள்ளைகள், அதற்கும் கீழே பேரப்பிள்ளைகள் என்று கோடு போட்டு எழுதுங்கள். படிக்கிற பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். ஒவ்வொருவரும் வந்து தன் பேரைக் கண்டுபிடித்துக் கை வைத்துக் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று தன் பேரைக் காணாமல் அழுதது. உடனே எழுதினோம். பெரியவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளை அழுததில் நியாயம் உண்டு. செக்ரோலில் பேர் விழாவிட்டால் நாம் சும்மா இருப்போமா?

மத்தியானப் பந்தியில் முதலில் வயதானவர்களும் குழந்தைகளும். சமைத்த பெண்களைக் கடைசியில் அடிச்சோற்றுக்கு விடாதீர்கள். அன்றைக்கு ஆம்பிளைகள் பரிமாறட்டும்.

இரண்டு மணிக்குப் பெரியவர்களைப் பேச வையுங்கள். இதுதான் அன்றைய முக்கிய வேலை. ஒரு பிள்ளை போனில் பதிவு செய்யட்டும், ஒரு பிள்ளை கொப்பியில் எழுதட்டும். பதிவை அன்றைக்கே நாலைந்து பேருக்கு அனுப்பி வையுங்கள். ஒரு போன் உடைந்தால் எல்லாம் போய்விடக் கூடாது. கூடலூரிலோ கோத்தகிரியிலோ சொந்தம் இருந்தால் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச வையுங்கள். அங்கேயும் இங்கேயும் ஒரே நேரம்தான். முன்கூட்டியே மணி சொல்லி வைத்தால் அவர்களும் வேலை முடித்துக் காத்திருப்பார்கள்.

நான்கு மணிக்கு முடித்துவிடுங்கள். மூடுபனி இறங்குமுன் தூரத்து ஆட்கள் பஸ் பிடிக்க வேண்டும்.

பெரியவர்களிடம் கேட்க வேண்டியவை

- உங்கள் அப்பா, அம்மா, பாட்டன் பேர் என்ன? பதிவுப் பேர் எது, வீட்டுப் பேர் எது?
- தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?
- முதலில் எந்தத் தோட்டத்துக்கு, எந்தக் கங்காணியோடு வந்தார்கள்?
- நீங்கள் பிறந்த தோட்டம், டிவிசன் எது? உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரும் எங்கே பிறந்தார்கள்?
- இந்தியாவுக்குப் போனவர்கள் யார்? எந்த வருஷம்? கடைசியாகக் கடிதம் வந்தது எங்கிருந்து?
- சின்ன வயதில் தவறிய பிள்ளைகள் இருந்தார்களா? அவர்கள் பேர் என்ன?
- குடியுரிமைச் சான்றிதழ், பழைய கடிதம், போட்டோ யாரிடம் இருக்கிறது?

வருஷம் ஞாபகம் வராவிட்டால் அவசரப்படுத்தாதீர்கள். "பஞ்ச காலத்துக்கு முன்னேயா பின்னேயா, அண்ணன் இந்தியா போனதுக்கு முன்னேயா" என்று கேட்டால் சொல்வார்கள். சில கேள்விக்கு அழுகை வரும். அப்போது கொப்பியை மூடிவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேச விருப்பமில்லாததைத் தோண்ட வேண்டாம்.

கவனமாக இருக்க வேண்டியவை

சாராயம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவெடுத்து எல்லா வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். ஒரு போத்தல் உள்ளே வந்தால் பழைய கோபம் எல்லாம் வெளியே வரும். பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகளை அன்றைக்குச் சபையில் வைத்துச் சமாதானம் பேச வேண்டாம். இரண்டு பேரும் வந்து ஒரே பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனாலே போதும். கட்சி, சங்கம், கல்யாணப் பேச்சு, கடன் பாக்கி இவற்றையும் அன்றைக்கு எடுக்காதீர்கள். சாதி விட்டுக் கல்யாணம் முடித்த பிள்ளைகளையும் கட்டாயம் அழையுங்கள். அவர்களை ஒதுக்கிவிட்டுக் கூடுவது கூடுவதாகாது. வயதானவர்களுக்கு மருந்து, கம்பளி, சாய்ந்துகொள்ள ஒரு கதிரை தயாராக இருக்கட்டும்.

இந்த மாதம் செய்ய வேண்டிய வேலை

பெரிய கூட்டம் கூட்ட இப்போது வசதி இல்லை என்றால் பரவாயில்லை. இன்று இராத்திரி அடுப்பங்கரையில் உட்கார்ந்து உங்கள் வீட்டில் மூத்தவரிடம் மேலே உள்ள கேள்விகளில் மூன்றைக் கேளுங்கள். பிள்ளையிடம் பேனையைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒரு பக்கம் எழுதினால் நான்கு மாதத்தில் உங்கள் பேர்ப்பட்டியல் தயாராகிவிடும். அதன் பிறகு திகதி குறிப்பது சுலபம்.

எங்கள் அப்பாயி கேட்டது ஒரு நாள் பந்தி. அவங்க இருக்கும்போது எங்களால் அதைப் போட முடியவில்லை. உங்கள் வீட்டில் அப்படிக் கேட்டுக்கொண்டு ஒருவர் இருந்தால், தீபாவளிக்குப் பார்ப்போம் என்று சொல்லாதீர்கள். திகதியைக் கலண்டரில் இன்றைக்கே எழுதி, அவங்களிடம் காட்டுங்கள்.

ஒழுங்கு செய்வதற்கு உதவி தேவையானால் உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் தயங்காமல் வாருங்கள். பத்திரங்கள் தேடுவதற்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதும் எங்கள் வேலைதான்.